மரத்துக்கு மொட்டையடிக்காதீர்கள்

இந்த ஐப்பசியில் மட்டும் என்னைப் பார்க்கக் கூப்பிட்ட ஆறாவது மரம் இது. தென்சென்னையில் ஒரு வீடு. மதிலோரம் முப்பது வயதைத் தாண்டிய தூங்குமூஞ்சி மரம். புயலடித்தால் வீட்டின்மேல் விழுந்துவிடும் என்று பயந்து, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இருபதடிக்கு மேலிருந்த அத்தனையையும் வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். நான்கு தடித்த கொம்புகள் மட்டும் மொட்டையாக நின்றன. அடுத்த மழைக்கே துளிர்த்தது, வீட்டுக்காரருக்கு நிம்மதி. அப்படிச் செழித்து வந்த ஒரு கிளைதான், தொடை கனம், இருபதடி நீளம், பெரிய காற்று ஏதும் இல்லாத ஒரு விடியற்காலையில் முறிந்து விழுந்து, ஸ்கூட்டர் நிறுத்தும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிளந்துவிட்டது. அந்த வீட்டு அம்மாள் பால் பாக்கெட் எடுக்க அந்த வழியாகத்தான் தினமும் வருவார்.

விழுந்த கிளையின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். பட்டையும் அதையொட்டிய மெல்லிய கட்டையும் மட்டும் ஒரு தகடுபோல உரிந்து வந்திருந்தன. மரத்துக்குள் இறங்கிய பிடிப்பு என்று எதுவும் இல்லை. ஏணி வைத்து ஏறி, அது முளைத்திருந்த வெட்டுமுனையைப் பார்த்தேன். நடுவில் பள்ளம் விழுந்து மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. கட்டையை விரலால் அழுத்தினால் ஊறிய ரஸ்க் போல உதிர்ந்தது. ஸ்குரூடிரைவர் கைப்பிடி வரை தடையில்லாமல் இறங்கியது. அந்த உளுத்த முனையைச் சுற்றி இன்னும் ஏழு கிளைகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மற்ற மூன்று கொம்புகளிலும் இதே கதைதான்.

கீழே இறங்கியதும் வீட்டுக்காரர் கேட்டார்: "சார், மறுபடியும் மேலே ஒரு வெட்டு வெட்டிவிட்டால் போதும் அல்லவா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதினெட்டு ஆண்டுகளாக மரங்களோடு வேலை செய்கிறேன். இதே கேள்வி வராத மழைக்காலம் ஒன்றுகூட இல்லை.

மரம் தலைமுடி அல்ல. முடியை வெட்டினால் உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. மரத்துக்கு இலைதான் அடுப்படி. ஒரே நாளில் எல்லா இலையையும் எடுத்துவிட்டால் வேருக்குச் சோறு இல்லை. சேமித்து வைத்ததைச் செலவழித்து, பட்டைக்குள் உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகளையெல்லாம் அவசரமாக எழுப்பிவிடுகிறது மரம். நீங்கள் பார்த்து மகிழும் அந்தத் துளிர் செழிப்பு அல்ல, பசி. பிறந்ததிலிருந்து தாய்மரத்தோடு ஆண்டுக்கு ஆண்டு பின்னிப் பிணைந்து வளர்ந்த கிளையின் பிடிப்பு, வெட்டிய பிறகு முளைக்கும் இந்தப் போத்துகளுக்கு வராது. மேல்பட்டையோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். வேகமாக வளரும், நெருக்கியடித்து வளரும், கனம் ஏறும். அடியிலோ கட்டை அழுகிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில் மரம் பழைய உயரத்துக்கே வந்துவிடும். ஆபத்தைக் குறைக்கப் பணம் கொடுத்தீர்கள். அதிக ஆபத்தான மரத்தை வாங்கிக்கொண்டீர்கள்.

"முருங்கையை வெட்டத்தானே செய்கிறோம்?" என்று உடனே கேட்பார்கள். ஆம், வெட்டுகிறோம். காய் பறித்து முடிந்ததும் இடுப்பளவில் வெட்டிவிடுவது சரியான முறைதான். முருங்கை கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டிய மரம். அதன் கிளை ஒடிந்து விழுந்தால் யாருக்கும் மண்டை உடையாது. மல்பெரியையும் கிளுவை வேலியையும் இளவயதிலிருந்தே இப்படி வெட்டிப் பழக்குகிறோம், தேயிலையும் அப்படித்தான். விரல் பருமன் கிளையில் விழுந்த வெட்டு சீக்கிரம் மூடிக்கொள்ளும். முப்பது ஆண்டு வளர்ந்த தூங்குமூஞ்சியின் ஓரடி விட்டமுள்ள கொம்பை நடுவில் அறுத்தால் அது ஒருநாளும் மூடாது. முருங்கைக்குச் செய்வதை மரத்துக்கெல்லாம் செய்யலாம் என்ற இந்த நினைப்பைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

மரத்தின் காயம் ஆறுவதும் இல்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: நம் தோல்போல மரம் பழுதான திசுவைப் புதுப்பிக்காது, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கி வைக்கும், மேலே புதுக்கட்டையால் மூடும். என் மேசையில் ஒரு வேப்பமரத் துண்டு இருக்கிறது. வெளியே பட்டை மூடி அழகாக இருக்கும். அறுத்த பக்கம் திருப்பினால், பல ஆண்டுகளுக்கு முன்பு விழுந்த அரிவாள் வெட்டு அன்றிருந்தபடியே கறுத்துக் கிடக்கும். வெட்டிய இடத்தில் தாரும் பெயின்ட்டும் பூசுவதால் அழுகல் நிற்காது. அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

அப்படியென்றால் வளர்ந்துகொண்டே போகும் மரத்தை என்ன செய்வது? முதலில், காய்ந்ததையும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் எடுங்கள். பல மரங்களுக்கு இதுவே போதும். வீட்டின்மேல் நீண்டிருக்கும் கிளையைக் குறைக்க வேண்டுமானால், நடுவில் வெட்டாமல், வெட்டும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக் கிளை பிரியும் இடம் வரை பின்வாங்கி வெட்ட வேண்டும். அந்தப் பக்கக் கிளை தலைமைப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். முழுக் கிளையையும் எடுப்பதென்றால், அது அடிமரத்தில் சேரும் இடத்தில் பட்டை சற்றுப் புடைத்து, கழுத்தில் விழும் மடிப்புபோல இருக்கும். விரல் வைத்துத் தடவினாலே தெரியும். அந்த மடிப்பைத் தொடாமல், அதற்கு வெளியே வெட்டுங்கள். மூடும் வேலையைச் செய்வது அந்த மடிப்புதான். அதையும் சேர்த்து வழித்து அறுத்துவிட்டு "சுத்தமாக எடுத்திருக்கிறோம்" என்று பெருமைப்படுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கனமான கிளையென்றால் ஓரடி தள்ளி முதலில் கிளையின் கீழ்ப்புறத்தில் ஒரு வெட்டு, பிறகு மேற்புறத்திலிருந்து அறுத்துக் கிளையை இறக்க வேண்டும், மிஞ்சும் முளையைக் கடைசியாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் விழும் கிளை அடிமரத்தின் பட்டையை நெடுக உரித்துக்கொண்டு போகும். ஓர் ஆண்டில் மொத்தத் தழையில் கால்பங்குக்கு மேல் கை வைக்கக் கூடாது. வயதான மரத்தில் அதைவிடக் குறைவு. இதையெல்லாம் ஆவணிக்குள் முடியுங்கள், புயல் எச்சரிக்கை வந்த பிறகு அல்ல. கூட்டில் குஞ்சு இருந்தால் சில வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கூலி வேண்டாம், விறகை எடுத்துக்கொள்கிறோம்" என்று வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்களுக்கு வேண்டியது தடித்த கட்டை. மரத்துக்குத் தேவையோ பெரும்பாலும் மெல்லிய கிளை நீக்கம். கணக்கு எங்கே இடிக்கிறது என்று உங்களுக்கே புரியும். கூலி கொடுத்து, எந்தக் கிளை என்று சுண்ணாம்பால் குறி போட்டுக் காட்டி, கூடவே நின்று வேலை வாங்குங்கள். இடுப்பில் கயிறு இல்லாமல் ஒருவரையும் மரத்தில் ஏற்றாதீர்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் ஓர் இலையைக்கூடத் தொடாதீர்கள். பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும். மதிலுக்கு வெளியே தெருவில் நிற்பது உங்கள் மரம் அல்ல. மாநகராட்சியில் மனுக் கொடுங்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதற்குப் பிறகு உயரம்தான் குற்றவாளி என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அந்த வாரம் நான் பார்த்த மரங்களில் பெரும்பாலானவை வேரோடு பெயர்ந்து கிடந்தவை. தூரைச் சுற்றிச் சிமென்ட், ஒரு பக்கம் வடிகாலுக்காகவும் கேபிளுக்காகவும் அறுத்தெறிந்த வேர். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடிக்குள்தான் பரவியிருக்கும், கிளை விரிப்பையும் தாண்டி வெளியே ஓடும். மதில் கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது கை பருமன் வேரை அறுத்துவிட்டு, உச்சியை வெட்டினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். உயரத்தைப் பார்க்காதீர்கள், தூரைப் பாருங்கள்.

மரத்தை எடுத்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. தூரில் தட்டுத் தட்டாகக் காளான் வந்திருந்தால், சாய்வு புதிதாகக் கூடி மறுபக்கம் மண் வெடித்திருந்தால், கிளை பிரியும் கவையில் விரிசல் ஓடியிருந்தால், தயங்க வேண்டாம். பொந்து இருப்பது மட்டும் காரணம் ஆகாது. சுற்றுச்சுவர் கனமாக இருந்தால் பொந்து மரம் பல்லாண்டு நிற்கும். மரச்சுத்தியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் நுனி கருகி நிற்கும் வேம்பைச் செத்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள். அது பெரும்பாலும் நுனிக்கருகல் நோய், கோடையில் தழைத்துவிடும். போன மாதம் ஒரு வீட்டில் பெருங்கொன்றையின் தூரில் காளானைக் காட்டி, எடுத்துவிடுங்கள் என்றேன். கணவர் நட்ட மரம் என்று அந்த அம்மாள் அழுதார். எனக்கும் பேச்சு வரவில்லை. ஆனாலும், மொட்டையடித்து வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டபோது, வேண்டாம் அம்மா என்றுதான் சொன்னேன். முறையாகக் கவாத்து செய்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முழுதாக எடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் வேறு வழி எனக்குத் தெரியாது.

தூங்குமூஞ்சி மரத்து வீட்டுக்காரரிடம் இரண்டு வழி சொன்னேன். மரம் இருக்கும் வரை ஆண்டுதோறும் ஏறி, உளுத்த முனைகளைச் சோதித்து, போத்துகளைக் கழித்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். கீழே பிள்ளைகள் விளையாடும் இடம்; எடுத்துவிடலாம் என்றார். கிளை கிளையாகக் கயிறு கட்டி இறக்க இரண்டு நாள் ஆயிற்று. மேலே நான்கு கொம்புகளும் உள்ளே பொடியாகியிருந்தன. கடைசியாக அடிமரத்தை அறுத்தோம். கரும்பழுப்பில் வைரம் பாய்ந்து, ஒரு விரிசல் இல்லை, ஒரு பூச்சித் துளை இல்லை. வேர்ப்பிடிப்பும் நான்கு பக்கமும் உறுதியாகத்தான் இருந்தது.