டிக்கெட்டில் தெரியும் நேரமும் பிரயாணத்தில் கழியும் நேரமும்

ஹட்டனில் விமான டிக்கெட் பதிவு செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்குத் தனியாகப் புறப்படும் வயதான தாய் தகப்பன்மாரைப் பற்றித்தான் கவலை அதிகம். கொழும்பிலிருந்து டொரன்டோ எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர் என்று வரும். அதை மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்தால் வகுத்தால் பதினாறரை மணித்தியாலம். ஆனால் அந்தத் தூரம் பூமியின் வளைவையொட்டி இழுக்கக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி டொரன்டோவில் இறங்கும் அந்தக் கோட்டில் நம்மவர் எவரும் பறப்பதில்லை, ஏனெனில் நேரடி விமானம் கிடையாது.

டுபாய் வழியாகப் போனால் தூரம் சுமார் 400 கிலோமீற்றர்தான் கூடும். நேரமோ பல மணித்தியாலம் கூடும். உதாரணமாக, டிசம்பர் 12 அதிகாலை 3.30க்குப் புறப்பாடு, அதே 12ஆம் திகதி பிற்பகல் 2.30க்கு டொரன்டோ என்று டிக்கெட்டில் இருந்தால், பார்ப்பவர்கள் பதினொரு மணித்தியாலம் என்றே கணக்குப் போடுகிறார்கள். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊரின் நேரம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குளிர்காலத்தில் டொரன்டோ நமக்குப் பத்தரை மணித்தியாலம் பிந்தியது; அதையும் கூட்டினால், டுபாய் வரை நாலரை, அங்கே காத்திருப்பு மூன்று, பிறகு பதினான்கு என மொத்தம் இருபத்தொன்றரை மணித்தியாலம். கோடையில் கனடாவில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்துவதால் இந்த வித்தியாசம் ஒன்பதரையாகும். திரும்பி வரும்போது மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வான்காற்று விமானத்தைத் தள்ளிவிடுவதால் பறக்கும் நேரம் குறையும். ஆனால் நாட்காட்டியில் ஒரு திகதி தாண்டிவிடும்.

இதைவிட முக்கியமானது புறப்படும் திகதி. 12ஆம் திகதி அதிகாலை 3.30 என்றால், மூன்று மணித்தியாலம் முன்னதாக, 11ஆம் திகதி இரவு முடிந்து 12ஆம் திகதி பிறந்த கையோடு, விமான நிலையத்தில் நிற்க வேண்டும். 12ஆம் திகதி இரவு வேன் பிடித்தால் விமானம் அன்று அதிகாலையிலேயே போயிருக்கும். கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாகக் கட்டுநாயக்கவுக்கு நல்ல நாளில் நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். மண்சரிவு எச்சரிக்கையும் பனிமூட்டமும் உள்ள காலத்தில் அந்தக் கணக்கு நிற்காது. ஆகவே 11ஆம் திகதி பிற்பகலிலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிடச் சொல்கிறேன். தோட்டத்து லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வர வேண்டியவர்கள் அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். வாசற்படியிலிருந்து எண்ணினால், பிரயாணம் முப்பது மணித்தியாலத்தைத் தாண்டிவிடும்.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள் இந்த மொத்த மணிக்கணக்கை வைத்தியரிடம் காட்டி, எந்த வேளைக்கு எவ்வளவு என்று புறப்படுமுன் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். டிக்கெட்டில் உள்ள பதினொரு மணித்தியாலத்தைச் சொன்னால் வைத்தியரும் அதற்கேற்பத்தான் சொல்வார். மருந்துகளும் மருந்துச்சிட்டையும் கைப்பையில் இருக்கட்டும். டுபாயில் ஒரு வாயிலிலிருந்து மற்றதற்கு நெடுந்தூரம் நடக்க நேரிடும் என்பதால், சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கெட் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.