முள்ளெலியின் வயிறு சில்லென்று இருந்தால்

போன வாரம் ஒரு தம்பதி அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் கிசுகிசுத்தார்கள். "மெதுவா, டாக்டர். தூங்குது."

முள்ளெலி வீட்டுக்கு வந்து ஐந்து நாள். கடைசி இரண்டு நாளும் சுருண்டபடியே கிடந்திருக்கிறது. "ஹைபர்னேஷன், குளிர்காலத் தூக்கம்னு வீடியோல பார்த்தோம். தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொன்னாங்க. அதான் ரூமை இருட்டாக்கி, ஏசியும் கொஞ்சம் கூட்டி வெச்சோம்." அன்பாகத்தான் செய்திருக்கிறார்கள். உள்ளே கையை விட்டேன். ஈரத் துணியைத் தொட்டது போல இருந்தது வயிறு.

சாயங்காலம் கண்ணைத் திறந்தது. மறுநாள் மூச்சில் கரகரப்பு. நான்காம் நாள் உயிர் போய்விட்டது. இந்த வருடத்தில் இதே கதையோடு வந்த மூன்றாவது முள்ளெலி இது. அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்லப் பிராணியாக விற்கப்படும் முள்ளெலிகள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலிகள். மத்திய, கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகள் இவற்றின் பூர்வீகம். வீடியோவில் இலைக்குவியலுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் காட்டுகிறதே, அது ஐரோப்பிய முள்ளெலி. இனமே வேறு. அது இலையுதிர்காலம் முழுக்கத் தின்று, கொழுப்பைச் சேர்த்து, கூட்டைக் கட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் படுக்கப் போகிறது. நிமிடத்துக்கு 190 முறை அளவில் துடிக்கும் அதன் இதயம் உறக்கத்தில் 20 அளவுக்கு இறங்கும், வசந்தத்தில் திரும்ப ஏறும். அந்த உடம்பு அதற்கென்றே அமைந்தது.

உங்கள் வீட்டில் இருப்பதற்கு அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. குளிர் பட்டால் இதன் உடம்பும் உறங்குவது போல அடங்கத்தான் செய்கிறது. அதற்கு டார்ப்பர் என்று பெயர். ஆனால் சேமித்த கொழுப்பு இல்லை, முன்தயாரிப்பு இல்லை. உடல் சூடு இறங்க இறங்க நோய் எதிர்ப்புச் சக்தியும் படுத்துவிடும். ஒருவழியாக எழுப்பினாலும் பின்னாலேயே நிமோனியா வந்து நிற்கும். ஆரோக்கியமான ஒன்றின் உடல் வெப்பமே 35 முதல் 37 டிகிரிதான், நம்மைவிடக் கொஞ்சம் குறைவு. கீழே இறங்க இடமில்லை. "இயற்கைதானே டாக்டர், அது பாத்துக்கும்" என்று இனி யாராவது சொன்னால், அவரை ஏசி அறையில் போர்வை இல்லாமல் இரண்டு நாள் பட்டினியாகப் படுக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

பகல் முழுக்கத் தூங்குவது வேறு. இது இரவுப் பிராணி, பகலில் தூங்கத்தான் செய்யும். தூங்கும் முள்ளெலியின் வயிறு கதகதப்பாக இருக்கும். தொட்டால் உஸ்ஸென்று சீறும், முள்ளைச் சிலிர்க்கும், உங்களைத் திட்டும். டார்ப்பரில் இருப்பது திட்டாது. இறுகச் சுருண்டு கிடக்கும், அல்லது பிரிந்து தள்ளாடும். இவ்வளவுதான் வித்தியாசம். கண்டுபிடிக்க உங்கள் கை போதும்.

வயிறு சில்லென்று இருந்தால், ஒரு துணியில் சுற்றி உங்கள் சட்டைக்குள், மார்போடு சேர்த்து வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். ஹீட்டிங் பேட் இருந்தால் குறைந்த சூட்டில், துணிக்கு அடியில். சூடு மெதுவாக ஏற வேண்டும். வெந்நீரில் முக்காதீர்கள். ஹேர் டிரையர் வேண்டாம். வாயில் பால், தண்ணீர், தேன் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாத உயிரின் வாயில் ஊற்றுவது நேரே நுரையீரலுக்குத்தான் போகும். (பால் எப்போதுமே வேண்டாம், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.) நன்றாக விழித்து நடக்க ஆரம்பித்த பிறகு தண்ணீரும் உணவும் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அசைவே இல்லை என்றால் அந்தச் சூட்டோடேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விழித்துக்கொண்டாலும் அன்றைக்கே காட்டிவிடுவது நல்லது. குளிர்ந்ததால் சோர்ந்ததா, நோயால் சோர்ந்து அதனால் குளிர்ந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கூண்டுக்குள் 24 முதல் 29 டிகிரி இருக்க வேண்டும். கூண்டுக்குள் என்றுதான் சொல்கிறேன். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரோ ஏசி ரிமோட்டில் தெரியும் எண்ணோ கணக்கில் வராது. தரையிலும் ஏசிக் காற்று வரும் பாதையிலும் கூண்டை வைக்காதீர்கள். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு, கூண்டுக்கு மேலே. கல் மாதிரி இருக்கும் சூட்டுப் பலகைகளால் வயிறு வெந்துபோய் வந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். பகல் வெளிச்சம் 12 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அறையை இருட்டாக்கி வைப்பதும் உடம்பை டார்ப்பரை நோக்கித்தான் தள்ளும்.

இனிப் பெயரால் வரும் வினை. முள்ளெலி என்றதும் எலித் தீவனம் வாங்கிப் போடுகிறார்கள். எலிக்கும் இதற்கும் உறவில்லை. மூஞ்சூறுதான் இதற்குப் பங்காளி, பூச்சி தின்னி. கொழுப்புக் குறைந்த, புரதம் நிறைந்த பூனை உணவும் பூச்சிகளும்தான் ஒத்துவரும். கடலை போன்ற கெட்டிப் பருப்புகள் மேலண்ணத்தில் போய் மாட்டிக்கொள்ளும். (முள்ளம்பன்றி என்று சொல்லி அப்பாயின்ட்மென்ட் வாங்குபவர்களும் உண்டு. பெரிய கூண்டைத் தயாராக வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருப்போம்.)

முதல் சில நாட்கள் பயத்தில் ஒளிந்துகொள்ளும், குறைவாகத் தின்னும், பச்சையாக வழவழவென்று மலம் போகலாம். இரண்டு மூன்று நாளில் சரியாக வேண்டும். பழைய இடத்தில் என்ன தின்றதோ அதையே கொடுங்கள், இடத்தையும் உணவையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஆனால் ஒரு முழு நாளுக்கு மேல் எதையுமே தொடவில்லை என்றால் "பழகிக்கும்" என்று காத்திருக்க வேண்டாம். பட்டினி நீண்டால் இவற்றின் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும், பிறகு பசியே எடுக்காது. சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். 350 கிராம் உடம்பில் 35 கிராம் குறைவது சின்ன விஷயம் இல்லை.

வாயில் நுரை தள்ளி, உடம்பை முறுக்கி, அந்த நுரையை முள்ளில் பூசிக்கொள்கிறதா? பயப்படாதீர்கள். புது வாசனை கண்டால் அது அப்படித்தான் செய்யும். நள்ளிரவில் வலிப்பு, வெறிநோய் என்று பதறிப் போன் செய்பவர்கள், வயிறு சில்லென்று இருப்பதைப் பற்றி ஒருநாளும் போன் செய்வதில்லை.

முள் உதிர்வதைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு மாதக் குட்டி முதல் ஆறு மாதம் வரை பழைய முள் உதிர்ந்து புதிது முளைக்கும். உதிர்ந்த இடத்தில் புது முள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாமல் வழுக்கையாக இருந்து, பொடுகு போல உதிர்ந்து, சொறிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் மைட் என்கிற சிற்றுண்ணி. நாய்க்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற உண்ணி மருந்தைக் கண் அளவில் ஊற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அரைக் கிலோகூட இல்லாத உயிருக்கு ஒரு சொட்டே விஷமாகலாம். படர்தாமரையாகவும் இருக்கலாம், அது உங்கள் கைக்கும் வரும்.

தள்ளாட்டம் இருந்தால் முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். உடம்பு கதகதப்பாக இருந்தும் பின்னங்கால் இழுத்தால் காரணம் பல: அடிபட்டிருக்கலாம், காதில் நோய் இருக்கலாம், விரலில் நூல் இறுகியிருக்கலாம். இந்த இனத்தில் காணப்படும் நரம்பு நோய் ஒன்றும் உண்டு, மெல்ல மெல்ல முடக்கிவிடும், குணமாக்க மருந்தில்லை. உயிரோடு இருக்கும்போது அதை உறுதிசெய்யவும் முடியாது. ஆகவே இணையத்தைப் பார்த்துவிட்டு அந்த நோய்தான் என்று முடிவுகட்டி அழுதுகொண்டு வராதீர்கள், மற்றதையெல்லாம் முதலில் பார்ப்போம்.

கொஞ்சிய பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். பார்க்க நலமாக இருக்கும் முள்ளெலியின் மலத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். 2019-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முள்ளெலிக்கு முத்தம் கொடுக்காதீர்கள் என்றே சொல்ல வேண்டி வந்தது. சிரிப்பாக இருக்கும். என் மேசையிலேயே கொடுக்கிறார்கள். கிண்ணத்தையும் சக்கரத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். மார்பில் வைத்துச் சூடேற்றியிருந்தால் அந்தச் சட்டையையும் துவைத்துவிடுங்கள்.

கிளம்புமுன் போன் செய்து, முள்ளெலி பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பார்ப்பதில்லை. சுருண்டு கிடப்பதைப் பிரித்துப் பார்க்கப் பல சமயம் லேசாக மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். அதைக் கேட்டதும் "சும்மா பாக்க முடியாதா டாக்டர்" என்று முறைக்காதீர்கள், முள்ளை மட்டும் பார்த்து வைத்தியம் செய்ய எனக்குத் தெரியாது. காற்று போகும் பெட்டி, துண்டு, வெதுவெதுப்பான பாட்டில், கடைசியாகப் போன மலம், கொடுக்கும் உணவின் பாக்கெட், எடை எழுதிய தாள். வண்டியில் ஏசியை அணைத்துவிட்டு வாருங்கள்.