கண்டுபிடிப்பாளர் ஆக எந்த பிராஞ்ச் எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினாலே என் அலுவலகத்துக்குக் காப்புரிமைக்குச் சம்பந்தமில்லாதவர்களும் வர ஆரம்பித்துவிடுவார்கள். பேட்டண்ட் ஏஜென்ட் (காப்புரிமை முகவர்) என்றால் கண்டுபிடிப்பாளர்களோடு பழகுகிற ஆள், அவரைக் கேட்டால் தெரியும் என்று யாராவது அனுப்பி வைக்கிறார்கள். "சார், பையன் புதுசா ஏதாவது கண்டுபிடிக்கணும்னு சொல்றான். ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் போடலாமா, ரோபாட்டிக்ஸ் போடலாமா?"

போன வாரம் வந்த அப்பா இதே கேள்வியோடு ஒரு ஃபைலையும் நீட்டினார். பையன் பெயரில் பேட்டண்ட் வாங்கித் தருகிறேன் என்று ஒரு கன்சல்டன்ட் பணம் கறந்திருக்கிறார். உள்ளே இருந்தது பேட்டண்டே அல்ல, ஒரு வெளிநாட்டு டிசைன் பதிவுச் சான்றிதழ். பையன் பெயரோடு அவனுக்கு அறிமுகமே இல்லாத ஏழெட்டுப் பேர். இந்த மாதிரி ஃபைல்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த பிராஞ்ச் கேள்வி. ஒரு தொழில்நுட்பத்தின் பெயரில் பி.இ. தொடங்கிவிட்டார்கள் என்றால், சிலபஸ் போட்டாயிற்று, புத்தகம் அச்சாயிற்று என்று அர்த்தம். அதன் அடிப்படையை அதற்கு முன்பே வேறு ஏதோ படித்தவர்கள் கண்டுபிடித்து முடித்துவிட்டார்கள். இன்றைய ஏஐக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கியது உளவியலில். 2024இல் அவருக்குக் கிடைத்தது இயற்பியல் நோபல். லித்தியம் அயான் பேட்டரிக்காக 2019இல் வேதியியல் நோபல் பெற்ற ஜான் குட்இனஃப் இளங்கலையில் கணிதம், முனைவர் பட்டத்துக்கு இயற்பியல். இவர்கள் யாரும் 'எமர்ஜிங் டெக்னாலஜி' என்று பிராஸ்பெக்டஸில் தேடிப் போய்ச் சேரவில்லை. அந்தப் புதுப் பெயர் பிராஞ்சுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேலைக்கு நல்லதுதான். ஆனால் பெயரில் 'புதிது' இருப்பதால் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. இன்னொன்றும் சொல்கிறேன்: காப்புரிமை விண்ணப்பப் படிவத்தில் கண்டுபிடித்தவரின் பெயர், நாடு, முகவரி எல்லாம் கேட்பார்கள். என்ன படித்தார் என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அதற்காக, "முருகானந்தம் சார் பள்ளிக்கூடமே முடிக்கலையே" என்று ஆரம்பிக்காதீர்கள். கோவை அருணாசலம் முருகானந்தம் நாப்கின் இயந்திரம் செய்வதற்கு முன்பே வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். நாப்கினுக்குள் இருப்பது பஞ்சு அல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. அவர் விட்டது பள்ளியைத்தான், படிப்பை அல்ல.

பிள்ளைகளிடம் நான் சொல்வது நீல எல்இடி விளக்கைச் செய்த ஷூஜி நகாமுராவின் கதையைத்தான். ஜப்பானில் டோகுஷிமா என்ற ஊர்ப்பக்கப் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் முதுகலை முடித்து, 1979இல் நிச்சியா என்ற உள்ளூர் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே குவார்ட்ஸ் குழாய்களைக்கூட அவரேதான் வெல்டிங் செய்ய வேண்டும். குழாய் விரிசல் விட்டு வெடித்ததும் உண்டு. 1988இல் ஒரு வருடம் ஃப்ளோரிடா போய்ப் படிகம் வளர்க்கும் முறையைக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து அதற்கான ஒரு இயந்திரத்தை வாங்கி வைத்தால், எல்இடிக்கு வேண்டிய மெல்லிய படிகப் படலம் சரியாக வரவில்லை. மற்ற ஆய்வகமாக இருந்தால் இயந்திரம் விற்ற கம்பெனிக்குக் கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். நகாமுரா காலையில் வாயுக் குழாய்களை அறுத்து, வளைத்து, மாற்றி வெல்டிங் செய்வார், மதியம் ஓட்டிப் பார்ப்பார். கடைசியில் பக்கவாட்டில் வரும் வாயுவை மேலிருந்து இன்னொரு வாயு அழுத்தும்படி அமைத்தார், படலம் படிந்தது. 1993இல் பிரகாசமான நீல எல்இடி. உங்கள் வீட்டு வெள்ளை எல்இடி பல்புக்குள் இருப்பது அந்த நீலம்தான். அதுவரை அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. 2014இல் நோபல். (கம்பெனி முதலில் கொடுத்த போனஸ் 20,000 யென். வழக்குப் போட்டு, 2005இல் சுமார் 84 கோடி யென்னில் சமரசம். வேலையில் சேரும்போது கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்ற ஷரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.)

ஆகவே கணிதமும் இயற்பியலும் வேதியியலும் ஆழமாகக் கிடைக்கிற படிப்பாகப் பாருங்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கெமிக்கல், நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், எதுவும் சரிதான். பேட்டரி மீது ஆசையா? காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் பி.டெக். இருக்கிறது. பல பெற்றோர் கேள்விப்பட்டதே இல்லை. கையால் செய்வதில் பிரியமுள்ள பிள்ளை என்றால் பத்தாவது முடித்து டிப்ளமோ, அப்புறம் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. அதைக் கேவலமாக நினைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் ஏசி ஆடிட்டோரியத்தைப் பார்க்காதீர்கள். ஒர்க்‌ஷாப் மாலையில் திறந்திருக்குமா, லேத்தை மாணவர் தொடலாமா என்று கேளுங்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குவதை தயவுசெய்து நிறுத்துங்கள். கல்லூரியில் கையில் எதையாவது செய்து பார்க்க உங்களுக்குக் கிடைக்கிற பெரிய வாய்ப்பு அதுதான்! வேலைக்குப் போகும்போது, டிசைன் இங்கே நடக்கிறதா, வெளியிலிருந்து வரும் ட்ராயிங்கைப் பார்த்துச் செய்து கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். டிசைன் நடக்கிற சிறிய பம்ப் கம்பெனி போதும்.

இனி என் தொழில். 'பப்ளிஷ்டு' (விண்ணப்பம் வெளியானது) என்பது 'கிராண்டட்' (காப்புரிமை கிடைத்தது) ஆகாது. விண்ணப்பம் போட்டால் 18 மாதத்தில் தானாக வெளியாகும், அதற்கு பேனர் அடிக்காதீர்கள். டிசைன் பதிவு தோற்றத்துக்கு மட்டும்தான், அது வேலை செய்யும் விதத்துக்கு அல்ல. யோசனை வந்ததும் கூகுள் பேட்டண்ட்ஸில் தேடுங்கள், இலவசம்தான். ஓடும்போதே தன்னைத்தானே முழுசாக சார்ஜ் செய்துகொள்ளும் வண்டியை என்னிடம் கொண்டுவராதீர்கள். ஏன் என்பது ப்ளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில், ஆற்றல் அழிவின்மை விதியில் இருக்கிறது.

கண்காட்சியில் வைப்பதற்கும் யூடியூபில் போடுவதற்கும் முன்னால் புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விண்ணப்பத்துக்கு அதிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு.