ஒரு ரூபாய் நிலுவையும் ‘அதிகார வர்க்க’மும்

போன மாதம் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரே ஒரு தாள். மேலே ந.க. எண், நாள். ‘பொருள்: குடிநீர்க் கட்டணம் – நிலுவை – செலுத்துதல் – தொடர்பாக.’ அடுத்து ‘பார்வை’ என்று போட்டு, இரண்டு பழைய கடிதங்களின் எண்கள். நான் கட்ட வேண்டிய தொகை ரூ.1/-, எழுத்தால் ரூபாய் ஒன்று மட்டும். ஏழு நாட்களுக்குள் கட்டத் தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும். அடியில் பச்சை மையில் ஒப்பம். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அக்கா மகன், “அதிகார வர்க்கத்தோட சிவப்பு நாடா, மாமா” என்றான். கல்லூரியில் படிக்கிறவன். அவன்மேல் குற்றமில்லை, முதல்நாள் இரவு தொலைக்காட்சி விவாதத்தில் நாலு பேர் மாற்றி மாற்றி அதைத்தான் சொன்னார்கள். செய்தித்தாளில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது கண்ணில் படுகிறது. ‘பியூராக்ரசி’ என்றால் அதிகார வர்க்கம், ‘ரெட் டேப்’ என்றால் சிவப்பு நாடா. இரண்டுமே தவறு. முதலாவது பெரிய தவறு.

‘பியூராக்ரசி’ என்ற சொல்லின் கதை சுருக்கமானது. லத்தீனில் ‘புர்ரா’ என்றால் முரட்டுக் கம்பளி. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் ‘பூரெல்’, எழுதும் மேசைமேல் விரிக்கிற முரட்டுத் துணி. துணியின் பெயர் மேசைக்கு வந்தது, மேசையின் பெயர் மேசை கிடக்கும் அறைக்கு வந்தது. இப்படித்தான் ‘பியூரோ’ அலுவலகமாயிற்று. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் வின்சென்ட் த கூர்னே என்ற பிரெஞ்சுக்காரர், ஆட்சி, வலிமை என்று பொருள்படும் ‘கிராட்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை அதன் வாலில் ஒட்டினார். அரசன் ஆளவில்லை, மக்களும் ஆளவில்லை, மேசை ஆளுகிறது என்ற கிண்டல் அது. கூர்னே 1759-ல் இறந்தார். அவர் இப்படிச் சொன்னார் என்று 1764-ல் கிரிம் என்ற பாரிஸ் எழுத்தாளர் எழுதிய குறிப்பால்தான் நமக்குத் தெரியும். பிறவியிலேயே வசைச்சொல் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ‘வர்க்கம்’ எங்கே இருக்கிறது?

‘டெமாக்ரசி’யின் வாலிலும் அதே கிராட்டோஸ்தான். அதை நாம் மக்களாட்சி என்கிறோம். ‘மக்கள் வர்க்கம்’ என்று எவராவது எழுதினால் அச்சுக்கூடத்திலேயே சிரித்துவிடுவார்கள். முடியாட்சி, குடியாட்சி, மக்களாட்சி என்று ஒரே அச்சில் சொற்களை வார்த்து வைத்திருக்கும் மொழியில், இந்த ஒன்றுக்கு மட்டும் ஆட்சி போய் வர்க்கம் வந்தது எப்படி? என் ஊகம் இது. தொழிலாளி வர்க்கம், முதலாளி வர்க்கம், பாட்டாளி வர்க்கம் என்று இடதுசாரி எழுத்து நமக்குப் பழக்கிவிட்ட வாய்ப்பாடு. அதில் ஓர் இடம் காலியாக இருந்தது, அதிகாரிகளைத் தூக்கி அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். மேடைப் பேச்சுக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. ‘அதிகார வர்க்கமே!’ என்று விளிக்கலாம், நான் சொல்லப்போகும் சொல்லை வைத்து ‘அலுவலாட்சியே!’ என்று விளித்துக் கைதட்டு வாங்க முடியாது.

வர்க்கம் வடசொல் என்பதல்ல என் வழக்கு. அப்படிப் பார்த்தால் அதிகாரமும் வடசொல்தான். அதை வைத்து ஐயன் வள்ளுவனின் 133 தலைப்புகளையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். என் வழக்கு, சொல் தப்பான ஆளைக் காட்டிக்கொடுக்கிறது என்பது.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். தவறு என்னுடையதுதான். 412 ரூபாய் பில்லுக்கு 411 என்று காசோலை எழுதியிருக்கிறேன். கண்ணாடி மாற்ற வேண்டிய காலம். கவுண்டரில் இருந்தவருக்கு முப்பது வயதுகூட இராது. “சார், ஒரு ரூபாதான்னு எனக்கும் தெரியுது. நிலுவைன்னு காட்டினா சிஸ்டமே நோட்டீஸ் அடிச்சிரும். தள்ளுபடி பண்ண எனக்குப் பவர் இல்ல. மேல எழுதணும்” என்றார். மேலே எழுதுவது என்றால் என்ன? ஒரு குறிப்பு எழுதி, கோப்பு திறந்து, தன்பதிவேட்டில் ஏற்றி, கண்காணிப்பாளர் மேசைக்கு அனுப்பி, அவர் அதற்கு மேலே அனுப்பி, ஆணை வாங்கி வர வேண்டும். அதற்குப் பிறகும் ஒருநாள் தணிக்கைக்காரர்கள் வந்து, எந்த விதியின்கீழ் ஒரு ரூபாயை விட்டீர்கள் என்று தணிக்கைத் தடை எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர் இந்தப் பையன். அதைவிட நோட்டீஸ் அனுப்புவது மலிவு. அரசுக்கு அல்ல, அவருக்கு.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இவ்வளவு கச்சிதமான பழமொழியைக் கையில் வைத்துக்கொண்டு இங்கிலாந்து நாடாவைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

இந்தப் பையனா வர்க்கம்? இவரிடமா அதிகாரம்? ஒரு ரூபாயை விட்டுக்கொடுக்கிற அளவுக்குக்கூட அதிகாரம் இல்லாததுதானே சிக்கலே! அதிகாரம் அந்த மேசையில் இல்லை, மேலே இருக்கிற மேசையிலும் முழுசாக இல்லை. விதியிலும் பதிவேட்டிலும் படிநிலையிலும் கரைந்து கிடக்கிறது. ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வேபர் இதை ஒரு நிர்வாக முறையாகத்தான் ஆராய்ந்தார். ஆளை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டாலும் ஓடுகிற முறை. அதை வர்க்கம் என்று மொழிபெயர்த்தால், கெட்டவர்கள் சிலர் கூடி உட்கார்ந்து திட்டமிடுகிறார்கள், அவர்களை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று படிக்கிறவன் நினைக்கிறான். ஒரு ரூபாய் நோட்டீஸை யாரும் திட்டமிடவில்லை. யாருமே திட்டமிடாமல் அது வந்ததைத்தான் கூர்னே மேசையின் ஆட்சி என்றார்.

2022 ஏப்ரலில் குஜராத் உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இன்னும் விசேஷம். அகமதாபாத் அருகே ஒரு நிலம் கைமாறியது. அதன்மேல் இருந்த பயிர்க்கடன் கட்டித் தீர்க்கப்பட்டது. ஆனால் நிலுவையில்லாச் சான்று தர மாட்டோம் என்றது ஒரு பொதுத்துறை வங்கி. காரணம், இன்னும் 31 காசு பாக்கி. ஐம்பது காசுக்குக் குறைந்ததைக் கணக்கில் எடுக்கவே கூடாதே, இது துன்புறுத்தல் அல்லவா என்று நீதிபதி கடிந்துகொண்டார். இன்னொன்றையும் யோசியுங்கள். 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது. அந்தக் கடனாளி 31 காசை நாணயமாகக் கொண்டுபோய்க் கட்டவே முடியாது. ஐம்பது காசு நீட்டினால், மீதி 19 காசைத் திருப்பித் தர வங்கியிடமும் வழியில்லை.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சோழர் வருவாய்த் துறைக்குப் புரவுவரித் திணைக்களம் என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக் கணக்குகளில் ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 லட்சமாகப் பிரித்த ஒரு பங்கு வரைக்கும் நில அளவு போகிறது. முந்திரி என்பது 320-இல் ஒன்று. அதன் 320-இல் ஒன்று கீழ்முந்திரி. அதற்கும் கீழே கீழே இறங்கிக்கொண்டே போவார்கள். இன்றைய வழக்கில் வேலி என்றால் ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கில் மேற்படி பங்கு அரை சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகை வைத்தால் வெளியே பிதுங்கும். யாரும் வயலில் குனிந்து அதை அளந்திருக்க மாட்டார்கள், வகுத்த கணக்கில் மிஞ்சியதை எழுதாமல் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான். ‘இம்மி பிசகாமல்’ என்று இன்றும் சொல்கிறோமே, அந்த இம்மியும் ஒரு பின்னத்தின் பெயர்தான்.

திணைக்களம் என்ற அந்தச் சொல் இங்கே செத்துப்போய் இலங்கையில் உயிரோடு இருக்கிறது. அங்கே கல்வித் திணைக்களம், இங்கே கல்வித் துறை. அதே இலங்கைத் தமிழர்கள் பியூராக்ரசிக்கு வைத்திருக்கும் சொல் பணிக்குழாட்சி. பணிக்குழாம் ஆளுகிற ஆட்சி. நாற்பது மைல் கடலுக்கு அப்பால் மாணவர்கள் பாடத்தில் படிக்கிற சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. எனக்கு அதில் ஒரே ஒரு குறை. குழாம் என்றதும் மறுபடி ஆட்கள் வந்து நிற்கிறார்கள். ஆனாலும் ஆட்சி என்ற முதுகெலும்பு சரியாக இருக்கிறது, வர்க்கத்துக்கு ஆயிரம் மடங்கு தேவலை.

‘அதிகாரத்துவம்’ என்று இன்னொரு கட்சி உண்டு. கல்விப்புலக் கட்டுரைகளில் அதிகம். எதற்கெடுத்தாலும் ஒரு ‘துவம்’ சேர்த்தால் தத்துவமாகிவிடும் என்ற நினைப்பு. அதிகாரத்துவம் என்றால் அதிகாரத் தன்மை. அது என் பெரியப்பாவிடமும் உண்டு, அவர் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்ததில்லை.

இந்திக்காரர்கள் ‘நௌகர்ஷாஹி’ என்கிறார்கள். நௌகர் வேலைக்காரன், ஷாஹி அரசாட்சி. வேலைக்காரனே ராஜாவாகிவிட்டான் என்ற குத்தல் அப்படியே இருக்கிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது. நான் தேர்வது அலுவலாட்சி. என் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாடவில்லை, அலுவல், ஆட்சி இரண்டையும் சேர்க்கத் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆள் இல்லை, வர்க்கம் இல்லை, அலுவல் ஆளுகிறது. கொஞ்சம் சாதுவாக ஒலிக்கிறது என்பார்கள். நாலு பேர் கோபத்தோடு பயன்படுத்தினால் சாதுத்தனம் போய்விடும்.

அடுத்து நாடா. லண்டனில் வழக்குக் கட்டுகளைச் சுற்றிக் கட்டிய நாடாவிலிருந்து வந்த படிமம் அது. அந்த நாடாகூட இளஞ்சிவப்புதான். இந்தியும் அதைத் தூக்கிக்கொண்டு ‘லால்ஃபீதாஷாஹி’ என்று வைத்துக்கொண்டது. ஃபீதா போர்த்துக்கீசியச் சரக்கு. தமிழில் நாடா என்றால் பாவாடைக்கு, ஒலிக்கு, தறிக்கு. காஞ்சிபுரத்து நெசவாளியிடம் போய்ச் சிவப்பு நாடாவால் வேலை நின்றுவிட்டது என்றால், நாடாவை மாற்றித் தறியை ஓட்டு என்பார். அலைந்து செருப்புத் தேய்ந்தவன் யாரும் இதுவரை ‘சிவப்பு நாடா’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. இழுத்தடிக்கிறான், அலைக்கழிக்கிறான், நடையாய் நடக்கவிடுகிறான் என்றுதான் சொல்கிறான். இழுத்தடிப்பு என்பதில் காலமும் இருக்கிறது, அடியும் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் மொழிபெயர்ப்பாளருக்குத் தெருவில் கிடக்கும் சொல் கண்ணுக்குத் தெரியாது, அகராதியில் முதலில் கிடப்பதுதான் தெரியும். 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 1962 முதல் கிடக்கிற சில்லறை வரி பாக்கிகள் பற்றிப் பேசினார். 2009-10 நிதியாண்டு வரைக்குமானவற்றில் 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரைக்குமானவற்றில் 10,000 ரூபாய் வரையும் கைவிடுவதாகவும், சுமார் ஒரு கோடிப் பேருக்கு நன்மை என்றும் அறிவித்தார். நல்ல செய்தி. அதை ஓரிடத்தில் எப்படிப் படித்தேன் தெரியுமா? ‘வரிக் கோரிக்கைகள் வாபஸ்.’ யார் யாரிடம் கோரியது? அரசு என்ன, மனு எழுதிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றதா? நம்மூர் வருவாய்க் கணக்கில் இந்த ‘டிமாண்ட்’டுக்குப் பழகிய சொல் இருக்கிறது. கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று பத்தி போட்டுப் பதிவேடே வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கேட்டோம், இவ்வளவு வந்தது, இவ்வளவு நிற்கிறது. கேட்பு! எவ்வளவு சின்ன சொல், எவ்வளவு சுத்தம். ஆட்சிச்சொல் காவலர் என்று பெயரெடுத்த கீ. இராமலிங்கனார் நகராட்சி ஆணையராக இருந்தவர். கோப்பும் பதிவேடும் புழங்கிய கை என்பதால் அவருக்கு இந்த மாதிரிச் சொற்களின் அருமை தெரிந்திருந்தது. அலுவலகத்தை நாம் திட்டுகிறோம், ஆனால் அலுவலகத் தமிழ் பல சமயம் செய்தித்தாள் தமிழைவிடத் தெளிவாக இருக்கிறது. இதைச் சொன்னால் நண்பர்கள் அடிக்க வருகிறார்கள்.

ஒரு ரூபாயைக் கட்டிவிட்டேன். இரண்டு பிரதியில் ரசீது, நீள முத்திரை, மறுபடியும் ‘ரூபாய் ஒன்று மட்டும்’. வீட்டுக்கு வந்ததும் அக்கா மகனிடம் இவ்வளவையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டவன், “அலுவலாட்சி ஓகே மாமா. இழுத்தடிப்புதான் ஏதோ திட்டற மாதிரி இருக்கு” என்றான்.

“திட்டத்தான்டா” என்றேன்.