பழைய கைப்பேசிக்குப் புதிய இயங்குதளம்: முதலில் பேட்டரியைப் பாருங்கள்

ஐந்து ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் கைப்பேசியில் புதிய இயங்குதளத்தை நிறுவச் சொல்லும் அறிவிப்பு ஓயாமல் வந்துகொண்டிருப்பதாகவும், நிறுவினால் கைப்பேசி ஆமை வேகத்துக்குப் போய்விடும், புதியதை வாங்க வைப்பதற்கு நிறுவனங்கள் செய்யும் சூழ்ச்சி அது என்று நண்பர்கள் எச்சரிப்பதாகவும் வாசகர் ஒருவர் எழுதி, இதில் எவ்வளவு உண்மை என்று கேட்டிருக்கிறார். அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையாக ஓர் உண்மை நிகழ்வு இருக்கிறது. ஆனால் அதன் வேர் மென்பொருளில் இல்லை, பேட்டரிக்குள் நடக்கும் வேதியியலில் இருக்கிறது.

முதலில் ஒரு பிரிவினை. பாதுகாப்புத் திருத்தம் வேறு, இயங்குதளத்தின் அடுத்த பதிப்பு வேறு. முன்னது திருடர்கள் நுழையும் ஓட்டைகளை அடைப்பது. கைப்பேசியின் வேகத்தைப் பெரும்பாலும் தொடாது. 2013-இல் வெளிவந்த ஐபோன் 5எஸ்-க்கு ஆப்பிள் 2023 ஜனவரியில்கூட ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 12-இன் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. வங்கிக் கணக்கு கைப்பேசிக்குள்ளேயே இருக்கும் இக்காலத்தில் இத்தகைய திருத்தங்களைத் தள்ளிப்போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. யோசிக்க வேண்டியது அடுத்த பதிப்பைப் பற்றித்தான்.

2016-இல் ஐபோன் 6எஸ் வைத்திருந்த பலருக்கு, திரையில் மின்னூட்டம் மீதமிருப்பதாகக் காட்டும்போதே கைப்பேசி திடீரென்று அணைந்துபோனது. 2017 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 10.2.1-க்குப் பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. எப்படிக் குறைந்தது என்பது அந்த ஆண்டு டிசம்பரில்தான் வெளிப்பட்டது. கைப்பேசிகளின் வேகத்தை அளக்கும் செயலியை உருவாக்கிய ஜான் பூல், தம்மிடம் குவிந்திருந்த அளவீடுகளைப் பதிப்பு வாரியாகப் பிரித்து வரைபடமாக வெளியிட்டார். ஒரே மாடல் கைப்பேசிகள் பழைய பதிப்பில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நிற்க, புதிய பதிப்பில் பல கைப்பேசிகள் தாழ்ந்த வேகங்களில் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து நின்றன. தேய்ந்த பேட்டரி உள்ள கைப்பேசிகளில், கணக்கிடும் மூளையான சில்லின் உச்ச வேகத்தை மென்பொருள் குறைப்பதை ஆப்பிள் சில நாட்களில் ஒப்புக்கொண்டது.

ஏன் குறைக்க வேண்டும்? பள்ளியில் படித்த அகமின்தடையை, அதாவது மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் மின்தடையை, இங்கே நினைவுகூர வேண்டும். எந்த மின்கலமும் தன் மின்னியக்கு விசை முழுவதையும் வெளியே தருவதில்லை. பாயும் மின்னோட்டத்தை அகமின்தடையால் பெருக்கினால் வரும் அளவு உள்ளேயே இழக்கப்படுகிறது. கணக்குக்காக, பாதி தீர்ந்த பேட்டரி ஒன்று 3.7 வோல்ட்டில் இருப்பதாகவும் அதன் அகமின்தடை 0.1 ஓம் என்றும் கொள்வோம். கேமராவைத் திறந்ததும் சில்லு ஒரு கணம் 3 ஆம்பியர் இழுத்தால் 0.3 வோல்ட் உள்ளே போய், 3.4 வோல்ட் வெளியே கிடைக்கும். அதே பேட்டரி மூப்படைந்து அகமின்தடை 0.25 ஓம் ஆகிவிட்டால் இழப்பு 0.75 வோல்ட், வெளியே கிடைப்பது 2.95 மட்டுமே. சில்லு இயங்கத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் 3 வோல்ட் என்றால், மின்னூட்டம் பாதி மீதமிருக்கும்போதே சுற்று அணைந்துவிடும்.

மின்தடை ஏறுவதற்குக் காரணம், கிராஃபைட்டால் ஆன எதிர்மின்வாயின் மேல் படியும் ஒரு மெல்லிய படலம். முதன்முறை மின்னேற்றும்போதே, அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளி சிதைந்து இந்தப் படலம் உருவாகிறது. அது இல்லாவிட்டால் மின்பகுளி தொடர்ந்து சிதைந்து பேட்டரி வெகு சீக்கிரம் பாழாகும். லித்தியம் அயனியை மட்டும் ஊடுருவ விட்டு, மற்றவற்றைத் தடுத்து நிறுத்தும் காவல் அது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் காவலே தடித்துப்போகிறது. வளர்வதற்கு லித்தியத்தை விழுங்குவதால் கொள்ளளவு குறைகிறது, அயனிகளின் வழி நெருக்கடியாவதால் மின்தடை ஏறுகிறது. ஒரே படலம் பேட்டரியை வாழவும் வைத்து மூப்படையவும் வைப்பது என்னை எப்போதும் வியக்க வைக்கும் செய்தி. வெப்பம் இந்த வளர்ச்சியை விரைவுபடுத்துகிறது. சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடியில் பொருத்தி, மின்னேற்றிக்கொண்டே வரைபடம் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூப்படைந்த பேட்டரி ஊற்றுக்கண் தூர்ந்த கிணறு போன்றது. அதில் தண்ணீர் தெரியும். பெரிய மோட்டாரைப் போட்டால் சற்று நேரத்தில் காற்றை இழுக்கும், நிறுத்தி வைத்தால் மறுபடியும் ஊறி நிற்கும். அணைந்த கைப்பேசியைச் சற்றுப் பொறுத்து இயக்கினால் மின்னூட்டம் இன்னும் மீதமிருப்பதாகக் காட்டுவது இதனால்தான். ஆப்பிள் செய்தது, பெரிய மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சிறியதை மாட்டிய வேலை.

பொறியியலாகப் பார்த்தால் அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். சொல்லாமல் செய்ததுதான் குற்றம். 2017 டிசம்பர் இறுதியில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பயனரிடம் தெரிவிக்காததற்காகப் பிரான்ஸ் அரசு அமைப்பு 2020-இல் விதித்த தண்டம் 2.5 கோடி யூரோ. 2025 ஜனவரியில் கூகுள் பிக்சல் 4ஏ கைப்பேசிகள் சிலவற்றின் பேட்டரிக் கொள்ளளவையே மென்பொருளால் குறைத்தபோது, அதை அறிவித்து, இலவசப் பேட்டரி மாற்றத்துக்கும் வழி செய்தது. பேட்டரியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் புத்துயிர் பெறும் என்னும் வாட்ஸ்அப் மருத்துவம் பரவும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இச்செய்திகளுக்கு இல்லை. காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்கும் நாட்டில், கடையில் விற்கும் பேட்டரிகள் எப்படி மூப்படைகின்றன என்று ஆண்டுக்கணக்கில் அளந்து மக்களுக்கு அறிவிக்கும் சலிப்பான வேலைக்கும் தாராளமாகப் பொதுப்பணம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். ஐபோனாக இருந்தால், அமைப்புகளில் பேட்டரியின் நிலை பற்றிய பக்கத்தைப் பார்க்க வேண்டும். மீதமுள்ள கொள்ளளவோடு, உச்சச் செயல்திறனைப் பேட்டரி தாங்குகிறதா என்பதும் அங்கே இருக்கும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இந்த விவரம் கிடைக்காது. மின்னூட்டம் 20, 30 விழுக்காடு இருக்கையில் கேமராவைத் திறந்தவுடன் அணைந்தால் அதுவே போதிய அறிகுறி. அப்படியானால் பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் புதிய பதிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். சேமிப்பிடம் நிரம்பி வழிந்தால் எழுதும் வேகம் தளரும். சில ஜிகாபைட்டுகளைக் காலி செய்துகொள்வது நல்லது. நிறுவிய முதல் ஓரிரு நாட்களில் படங்களை அட்டவணைப்படுத்தும் பணியும் செயலிகளை மறுபடி தொகுக்கும் பணியும் பின்னணியில் ஓடுவதால், அப்போது தெரியும் மந்தத்தையும் சூட்டையும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் ஐபோனில் பழைய பதிப்புக்கு ஆப்பிள் மின்கையொப்பமிடுவதை, அதாவது அதை நிறுவ அனுமதிப்பதை, நிறுத்திவிட்டால் திரும்பும் பாதை மூடப்படும்; பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் பின்னோக்கிச் செல்வதைத் தடுக்கும் பூட்டு உண்டு. ஆகவே பெரிய பதிப்பு வந்த முதல் நாளே நிறுவாமல், அதே மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சில வாரங்கள் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு வேண்டாம்.