இல்லாத டிரைவில் ஏறும் மைக்ரோபைத்தான்

"ராஸ்பெர்ரி பை பிக்கோவில் மைக்ரோபைத்தான் ஏற்றப் பார்த்தேன். ஃபைலை இழுத்துப் போட்ட கையோடு டிரைவே காணாமல் போய்விட்டது. போர்டைக் கெடுத்துவிட்டேனா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். (பிக்கோ என்பது நாமே நிரல் எழுதி இயக்கும் ஒரு சின்ன மின்னணு போர்டு. மைக்ரோபைத்தான் அதற்கென்றே சுருக்கிய பைத்தான் நிரல்மொழி.) இல்லை, சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். அது காணாமல் போனால்தான் வேலை முடிந்தது என்று பொருள்.

செய்முறை எளிது. போர்டில் உள்ள பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டே யுஎஸ்பி கேபிளைச் செருகினால், கணினியில் பென் டிரைவ் மாதிரி ஒன்று தோன்றும். மைக்ரோபைத்தான் தளத்தில் உங்கள் போர்டுக்கு உரிய யூஎஃப்2 ஃபைலை (போர்டில் ஏற்ற வேண்டிய நிரல் இந்த வடிவில்தான் வரும்) இறக்கி அதில் போடுங்கள். டிரைவே தோன்றவில்லையா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டும்தான் இருக்கும். தகவல் போக வழியே கிடையாது. இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க நான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. அந்த டிரைவின் கொள்ளளவைப் பார்த்தீர்களா? 128 எம்பி என்று காட்டும். பிக்கோவில் நிரலைச் சேமிக்க இருப்பதோ 2 எம்பி ஃபிளாஷ் நினைவகம்தான்! அப்படியொரு டிரைவ் உண்மையில் இல்லவே இல்லை. பிக்கோவின் மூளையான ஆர்பி2040 சிப்புக்குள் 16 கேபி அளவில் ஒரு ராம் அல்லாத நிரந்தர நினைவகம், அதாவது ரோம், இருக்கிறது. அதிலுள்ள சின்ன நிரல், கணினி எந்தப் பகுதியைக் கேட்டாலும் அதற்கான பதிலை அந்தக் கணத்தில் ஜோடித்துக் கொடுக்கிறது. கணினியும் நம்பிவிடுகிறது.

சரி, எழுதும்போது? கணினி எந்தத் துண்டை எப்போது, எந்த வரிசையில் அனுப்பும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் யூஎஃப்2 ஃபைல் 512 பைட் துண்டுகளாக அமைந்திருக்கிறது. டிரைவின் ஒரு செக்டாரும், அதாவது கணினி படித்து எழுதும் மிகச் சிறிய அலகும், அதே 512 பைட். ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஓர் அடையாள எண், ஃபிளாஷில் போய் உட்கார வேண்டிய முகவரி, மொத்தத்தில் இது எத்தனையாவது துண்டு என்ற விவரம். உள்ளே உண்மையான நிரல் 256 பைட் மட்டுமே. பாதி இடம் வீண்தான், ஆனால் எந்தத் துண்டு முந்தி வந்தாலும் தன் இடத்துக்குத் தானே போய்ச் சேர்ந்துவிடும். தவறுதலாக ஒரு புகைப்படத்தைப் போட்டாலும் அடையாள எண் இல்லாததால் ரோம் அதைக் கண்டுகொள்ளாது. கடைசித் துண்டு வந்ததும் சிப் மறுதொடக்கம் ஆகிறது, பொய் டிரைவ் மறைகிறது.

"தெரியாமல் கையை வைக்காதே, கெட்டுவிடும்" என்று பிள்ளைகளை விரட்டுவது எனக்குப் பிடிக்காது. ரோமில் இருப்பதை எந்த நிரலாலும் அழிக்க முடியாது. எவ்வளவு சொதப்பினாலும் பூட்செல்லை அழுத்தி மறுபடி தொடங்கலாம். உள்ளீடு, வெளியீட்டுப் பின்களில் (மற்ற பாகங்களை இணைக்கும் முனைகளில்) 3.3 வோல்ட்டுக்கு மேல் மட்டும் கொடுக்காதீர்கள். அங்கே பயம் நியாயமானது.

இப்போது பைத்தான் நிரல் எழுத உதவும் தானி (Thonny) எடிட்டரைத் திறந்து போர்டோடு இணைத்தால் மூன்று அம்புக்குறிகள் (>>>) தெரியும். கட்டளைகளை அங்கேதான் தட்ட வேண்டும். 25ஆம் பின்னை அவுட்புட் ஆக்கி 1 கொடுங்கள், பச்சை எல்இடி எரியும். வைஃபை உள்ள பிக்கோ டபிள்யூவில் எல்இடி அந்தப் பின்னில் இல்லை. அங்கே பின் எண்ணுக்குப் பதில் எல்இடி என்ற பெயரையே கொடுக்க வேண்டும்.