பேரைப் பார்த்துப் பணம் போகாது, முதலாளி

"ஆடிட்டர் சார், ஓடிபி யாருக்குமே சொல்லல. அப்புறம் எப்படிப் பணம் போச்சு?"

மண்ணடியில் இரும்புச் சாமான் கம்பெனி நடத்துபவர் திங்கட்கிழமை காலை தண்டையார்பேட்டையில் என் ஆபீஸுக்கு வந்து கேட்டது இது. இந்த நிதியாண்டில் எனக்கு நாலாவது கேஸ். ஓடிபியை யாரிடமும் சொல்ல வேண்டியதே இல்லை, முதலாளி. உங்கள் ஆளே உட்கார்ந்து, சரியான ஓடிபியைப் போட்டு, திருடனுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்.

வழக்கமாகச் சரக்கு அனுப்பும் கோயம்புத்தூர் சப்ளையரிடமிருந்து ஒரு மெயில். 'ஆடிட் நடப்பதால் பழைய அக்கவுண்ட் முடங்கியிருக்கிறது, இனி இந்த அக்கவுண்டில் போடவும்.' அதே பில் நம்பர், அதே 6,40,000 ரூபாய், கீழே பழைய மெயில்கள் வரிசையாக. (ஆடிட் நடந்தால் அக்கவுண்ட் முடங்காது, சாமி. எங்கள் தொழிலை ஏன் இழுக்கிறார்களோ.) அனுப்பிய முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'எம்' (m) இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' (rn) இரண்டும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. போனில் பார்த்தால் பிடிபடவே படாது.

"பேர் சப்ளையர் பேருதானே சார் போட்டோம்? ஒத்துப்போகலன்னா பேங்க் திருப்பி அனுப்பியிருக்கணுமே?"

இதை எத்தனை தடவைதான் சொல்வது! ஆன்லைனில் ஒரு பேங்கிலிருந்து இன்னொரு பேங்குக்குப் பணம் அனுப்பும் வழி நெஃப்ட் ஆகட்டும், ஆர்டிஜிஎஸ் ஆகட்டும், பணம் வரவு வைக்கப்படுவது அக்கவுண்ட் நம்பரைப் பார்த்துத்தான். பேர் கட்டத்தில் சப்ளையர் பேரைப் போட்டாலும் உங்கள் குலசாமி பேரைப் போட்டாலும் பணம் அந்த நம்பருக்குத்தான் போகும். காலமெல்லாம் செக் எழுதிய கை, அதில் பேர்தான் முக்கியம். அந்தப் பழக்கத்தில் வரும் நம்பிக்கை இது. ஆன்லைனில் அனுப்பும்போது பேர் வெறும் அலங்காரம். அனுப்பும் முன் அந்த நம்பர் யார் பேரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரச் சொல்லி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. அதுவும் காட்டத்தான் செய்யும், கையைப் பிடித்துத் தடுக்காது. பார்க்காமல் தட்டினால் போனது போனதுதான்.

அக்கவுண்ட் மாறியது என்று எப்படித் தகவல் வந்தாலும், உங்கள் பழைய டைரியில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அந்த மெயிலிலேயே இருக்கும் நம்பருக்குப் போட்டால் திருடனே எடுத்து "ஆமாம் சார்" என்பான். பேமென்டை ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதலுக்கு ஓடிபி வரும் போனையும் கணக்குப் பையன் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனால் இரண்டு பேர் எதற்கு? கம்பெனி மெயிலுக்குப் பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்கள். உங்களுக்கு வரும் மெயில் வேறு எங்காவது தானாகப் போகிறதா என்று செட்டிங்கில் ஒரு தடவை பாருங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. கம்ப்யூட்டரில் செருகிக் கையெழுத்துப் போடும், கிளையன்டுகளின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் என் டிராயரில் கொத்தாகக் கிடந்தன, பாஸ்வேர்டை அதன் மேலேயே ஒட்டி. போன வாரம்தான் ஆளாளுக்குத் திருப்பிக் கொடுத்தேன். "உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்றார்கள் பாதிப் பேர்.

மண்ணடி விஷயத்தில் எனக்கு மனசு ஆறாதது வேறு. பணம் போனது சனிக்கிழமை சாயங்காலம். 2020 டிசம்பரிலிருந்து ஆர்டிஜிஎஸ் ராப்பகலாக ஓடுகிறது. முதலாளி கல்யாண வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் இந்த மெயில்கள் வரும். அன்று ராத்திரியே நிஜ சப்ளையர் "பணம் எப்போ வரும் தம்பி?" என்று கணக்குப் பையனுக்கு வாட்ஸ்அப் செய்திருக்கிறார். பையனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. திட்டு விழும் என்று பயந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயே திறக்கவில்லை. சோறும் இறங்கவில்லையாம். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போட்டிருந்தால் அந்த அக்கவுண்டில் கொஞ்சமாவது நிறுத்தி வைத்திருக்க வாய்ப்பு இருந்தது. திங்கட்கிழமை நாங்கள் கூப்பிட்டபோது பணம் நாலைந்து அக்கவுண்டாகப் பிரிந்து போயிருந்தது.

பையனை வேலையை விட்டு நிறுத்தப்போவதாக முதலாளி சொன்னார். வேண்டாம் என்று கெஞ்சினேன். அவனை நிறுத்தினால், அடுத்த தடவை அங்கே உட்காரும் பையன் செவ்வாய்க்கிழமை வரை வாய் திறக்க மாட்டான். "பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர் இன்னும் பதில் சொல்லவில்லை.